சொல்லின் வேரும் போரின் பொருளும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப நிகழ்ச்சியில் இளைஞர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

  

இன்று எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு இலக்கியம். நாங்கள் தமிழ்ப் பேராசிரியர்கள் அல்லர். ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்களும் அல்லர். போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள். ஆகவே புலமை பேசப் போவதில்லை. நம் வீடுகளில் இருக்கும் சில புத்தகங்களைப் பற்றியும், நம் பிள்ளைகளின் காதில் விழும் சில சொற்களைப் பற்றியும் மட்டும் பேசுகிறோம்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் குடும்பங்கள் பழைய கடைவீடுகளைக் காலி செய்து அடுக்குமாடிக்குப் போகும்போது, நன்னாமார்களின் தகரப் பெட்டிகள் வெளியே வருகின்றன. உள்ளே பழுப்பேறிய புத்தகங்கள். சில தமிழ் எழுத்தில் இருக்கும். சில அரபு எழுத்தில் இருக்கும். வாசித்தால் தமிழாகக் கேட்கும். அதுதான் அரபுத் தமிழ். மாலை, கிஸ்ஸா, முனாஜாத்து, சீறாப்புராணத்தின் ஏதோ ஒரு பகுதி என்று பலவும் கிடக்கும். அவற்றோடு "படைப்போர்" என்று தலைப்பிட்ட நூலும் சில வீடுகளில் இருக்கும்.

அதைப் புரட்டிப் பார்க்கும் குடும்பத்தார் சிலர் பயந்துபோகிறார்கள். "குதிரை, வாள், தலை உருளுவது என்றெல்லாம் இருக்கிறதே, இந்தக் காலத்தில் இதை வீட்டில் வைத்திருந்தால் யாராவது தப்பாக நினைப்பார்களே" என்று கட்டி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். சிலர் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அதே வீட்டுப் பிள்ளை, கைப்பேசியில் ஓடும் அரை நிமிட வீடியோவில் ஜிஹாது, ஷஹீது என்ற சொற்களைக் கேட்கிறான். யார் பேசுகிறார், எதற்காகப் பேசுகிறார் என்று அவனுக்குத் தெரியாது. சொல் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. பெரியவர்கள் புத்தகத்தை மூடுகிறார்கள், பிள்ளைகள் வீடியோவைத் திறக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சொல்லின் வேர் தெரியவில்லை. அதைப் பற்றிப் பேசுவது நம் சங்கத்தின் கடமை என்று நினைக்கிறோம்.

முதலில் "படைப்போர்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் மாணவர்களிடம் இதன் பொருளைக் கேட்டால் பெரும்பாலோர் "எழுத்தாளர்கள்" என்பார்கள். அதில் தவறில்லை. "இலக்கியம் படைப்போர்" என்று பாடப் புத்தகத்தில் வருகிறது. படைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது அது. படைத்தவன் அல்லாஹ் என்கிறோம். விருந்தினருக்குச் சோறு படைக்கிறோம் என்கிறோம். ஆனால் நம் பழைய நூலின் தலைப்பு வேறு. அது படை, போர் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. எழுதினால் ஒரே சொல், பிரித்தால் இரண்டு பொருள். எங்கே பிரிப்பது என்று தெரியாதவருக்குத் தலைப்பிலேயே வழி தவறிவிடுகிறது.

போர் என்ற சொல் "பொருதல்" என்ற வினையின் வழி வந்தது. பொருதல் என்றால் மோதுதல். அலை கரையைப் பொருகிறது என்று தமிழில் சொல்வார்கள். போர்க்களம் பாடிய கலைஞர்களைப் பொருநர் என்றார்கள். வைக்கோற்போரிலும் போர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது குவியல் என்னும் பொருளுள்ள வேறு சொல். உருவம் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நம் பழம்புலவர்கள் இந்த ஒற்றுமையை வைத்து அழகாக விளையாடினார்கள். களம் என்றால் நெல் அடிக்கும் இடம். சண்டை நடக்கும் இடமும் களம். அரசனை உழவனாகவும் போர்க்களத்தை நெற்களமாகவும் பாடுவதற்கு "மறக்களவழி" என்று புறப்பொருள் வெண்பாமாலையில் ஒரு துறையே இருக்கிறது.

போரைப் பாடுவது தமிழுக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயர் வைத்தார்கள். வெற்றிக்கு வாகை. சிலாங்கூர் அணி கிண்ணத்தை வென்றால் "வாகை சூடியது" என்று தமிழ்ப் பத்திரிகை இன்றும் எழுதுகிறது. அதைப் படித்துவிட்டு யாரும் வாளைத் தேடுவதில்லை. மரபுச் சொல் என்று நமக்குத் தெரியும்.

நம் முன்னோர்களான முஸ்லிம் புலவர்கள் இந்தத் தமிழ் மரபின் பிள்ளைகள். 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம் 5,027 பாடல்களைக் கொண்டது; விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள். நாட்டுப் படலத்தில் அரபு நாட்டையே வயலும் ஆறும் உள்ள தமிழ் நிலம் போலப் பாடினார். பதுறுப் படலத்திலும் உகுதுப் படலத்திலும் அரபுப் போர்களைத் தமிழ்ப் போர்ப் பாட்டாக்கினார். பத்ர் என்பது பதுறு ஆயிற்று. உஹது என்பது உகுது ஆயிற்று.

அதற்கும் மேலே, தமிழில் முன்பு இல்லாத ஓர் இலக்கிய வகையையே நம் புலவர்கள் உண்டாக்கினார்கள். அதுதான் படைப்போர். இலங்கையைச் சேர்ந்த பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள், முஸ்லிம்கள் தமிழுக்குத் தந்த புதிய இலக்கிய வகைகளில் இதையும் ஒன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போர், ஐந்து கதைகள் சேர்ந்த ஐந்து படைப்போர், காசிம் படைப்போர் என்று பல நூல்கள் உள்ளன. பலவற்றில் அலி (ரலி) அவர்களின் வீரம் முன்னால் நிற்கும். ஆனால் அந்தக் கதைகளில் வரும் இந்திராயன் போன்ற எதிரி மன்னர்களை இஸ்லாமிய வரலாற்று நூல்களில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அவர்கள் கதைக்காகப் பிறந்தவர்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். பத்ர் நடந்தது, ஹிஜ்ரி 2, ரமலான் 17. கர்பலா நடந்தது, ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10. இவை வரலாறு. இந்திராயன் படைப்போர் கதை. வரலாற்றை வரலாறாகவும் கதையைக் கதையாகவும் வாசிக்கத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இது தமிழுக்கு மட்டும் உள்ள விஷயமும் அல்ல. நாம் வாழும் இந்த மண்ணின் பழைய நூலான செஜாரா மெலாயு ஒரு செய்தி சொல்கிறது. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்தின இரவு. மலாக்கா வீரர்களுக்குத் தூக்கம் வரவில்லை. சுல்தானிடம் ஆள் அனுப்பி, ஹிக்காயாட் முஹம்மது ஹனஃபிய்யா நூலை வாசிக்கக் கேட்டார்கள். அவர் முதலில் ஹிக்காயாட் அமீர் ஹம்ஸாவைக் கொடுத்தனுப்பினார். வீரர்கள் மீண்டும் கேட்ட பிறகு, அவர்கள் விரும்பிய நூலையே கொடுத்தார்.

அமீர் ஹம்ஸா என்பவர் உஹதுக் களத்தில் உயிர்நீத்த, நபிகளாரின் சிறிய தந்தை. முஹம்மது ஹனஃபிய்யா அலி (ரலி) அவர்களின் மகன். மலாய்க் கதையில் அவர் கர்பலாவுக்குப் பழி வாங்கப் படை திரட்டிப் போர் புரிகிறார். வரலாற்றில் அவர் கர்பலாவுக்குப் போகவும் இல்லை, அப்படிப் படை நடத்திப் பழி வாங்கவும் இல்லை. அது அந்த வீரர்களுக்குத் தெரிந்திருக்குமோ இல்லையோ, விடிந்தால் மரணம் காத்திருந்த அந்த இரவில் தைரியத்துக்கு ஒரு கதை தேவைப்பட்டது. போர் இலக்கியத்தின் வேலை அது. கேட்பவரின் நெஞ்சுக்கு உரம் தருவது. அதைச் சட்டப் புத்தகமாகவோ கட்டளையாகவோ எடுத்துக்கொண்டால், புத்தகத்தையும் தவறாக வாசிக்கிறோம், மார்க்கத்தையும் தவறாக வாசிக்கிறோம்.

இனி அரபுச் சொற்களுக்கு வருவோம். அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்து வேரில் நிற்பவை. வேரைப் பிடித்தால் ஒரு குடும்பமே தெரியும். ஜிஹாது என்ற சொல்லின் வேர் ஜ-ஹ-த. பொருள், முழு பலத்தையும் போட்டு முயலுதல். இதே வேரில் இஜ்திஹாது இருக்கிறது. மார்க்கச் சட்டத்தில் தீர்வு காண அறிஞர் செய்யும் ஆய்வு முயற்சி. அரபு நாட்டுப் பள்ளிக்கூடங்களில் கடினமாக உழைத்துப் படிக்கும் மாணவனை "முஜ்தஹித்" என்பார்கள். எஸ்.பி.எம். தேர்வுக்கு இரவு விழித்துப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

தமிழில் இதற்கு நேர் எதிரான பயணம் நடந்திருக்கிறது. "போராடு" என்ற சொல்லின் முதலில் போர் இருக்கிறது. ஆனால் இன்று வாழ்க்கைப் போராட்டம் என்கிறோம், நோயோடு போராடினார் என்கிறோம். போரைக் குறித்த சொல் முயற்சியைக் குறிக்க வந்துவிட்டது. அரபியில் முயற்சியைக் குறித்த சொல் போரையும் குறிக்க வந்தது. தாத்தா போராடிக் கடை வைத்தார் என்று சொன்னால் அவர் கத்தி எடுத்தார் என்று யாரும் நினைப்பதில்லை. ஜிஹாது என்ற சொல்லைக் கேட்டதும் கத்தி மட்டும் நினைவுக்கு வருகிறதே, அது ஏன் என்று நாம் யோசிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வேர் முயற்சி என்பதால் ஜிஹாது போரைக் குறிக்கவே குறிக்காது என்று சொன்னால் அது உண்மையாகாது. ஃபிக்ஹு நூல்களில் அது போரையும் குறிக்கிறது. போருக்கென்றே கிதால் என்ற தனிச் சொல்லும் உண்டு. அந்த நூல்கள் போருக்கு எல்லையும் போட்டன. யார் அறிவிக்கலாம், யாரைத் தொடக் கூடாது என்ற விதிகள் உண்டு. முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் படை அனுப்பியபோது, பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லக் கூடாது, காய்க்கும் மரத்தை வெட்டக் கூடாது, துறவு மடங்களில் இருப்போரை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று தளபதிக்கு அறிவுறுத்தினார்கள். அரை நிமிட வீடியோவில் இந்த விதிகள் வருவதில்லை. பிள்ளைகளிடம் "அப்படி ஒன்றும் இல்லை" என்று மழுப்பினால், நாளைக்கு வேறொருவர் நூலைக் காட்டி "உன் வாப்பா உனக்கு மறைத்துவிட்டார்" என்பார். முழுவதையும் நாமே சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு.

அடுத்த சொல் ஷஹீது. வேர் ஷ-ஹ-த, பொருள், நேரில் கண்டு சாட்சி சொல்லுதல். கலிமா ஷஹாதாவில் இருப்பது இந்த வேர்தான். தொழுகை இருப்பில் ஓதும் தஷஹ்ஹுதும் இதுதான். ஷாஹிதா என்று பெண் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். சாட்சியானவள் என்று பொருள். ஆங்கிலேயர் உயிர்த்தியாகிக்குச் சொல்லும் மார்ட்டர் என்ற சொல்லும் கிரேக்கத்தில் சாட்சி என்ற பொருளுடையதே. அப்படியென்றால் ஷஹீது என்ற சொல்லின் நடுவில் நிற்பது உண்மைக்குச் சாட்சியாக வாழ்வது. சாவு அதன் கடைசிப் பக்கம்தான். கொள்ளைநோயில் இறந்தவரையும், நீரில் மூழ்கி இறந்தவரையும், இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் நபிகளார் ஷஹீதுகள் என்று எண்ணினார்கள் என்பது ஹதீஸ். அவர்களில் யாரும் போருக்குப் போனவர் அல்லர்.

வேர் தேடும்போது அவசரமும் கூடாது. ஷாஹுல் ஹமீது என்ற பெயரில் ஷஹீதின் ஓசை கேட்கிறது. நாகூர் எஜமானின் பெயர் என்பதால் நம் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர் உண்டு. அதிலுள்ள ஷாஹ் பாரசீகச் சொல். அரசர் என்று பொருள். ஓசையை வைத்து வேரைச் சொல்லக் கூடாது. கடையில் ஒரே மாதிரி டப்பாவில் இரண்டு சரக்கு வந்தால் இன்வாய்ஸைப் பார்க்காமல் விலை ஒட்டுவோமா? சொல்லுக்கும் அந்தச் சோதனை வேண்டும். அகராதியைப் பார்க்க வேண்டும்; தெரியாவிட்டால் ஹஜ்ரத்தைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது சொல், வியாபாரிகளான நமக்கு நெருக்கமானது. ஃபத்ஹ். நம் புத்தகங்களில் இதை வெற்றி என்று மொழிபெயர்க்கிறோம்; மக்கா வெற்றி என்கிறோம். வேர் ஃப-த-ஹ, பொருள், திறத்தல். புதுக்கடை திறக்கும்போது பாத்திஹா ஓதுகிறோமே, அந்த ஃபாத்திஹாவும் இந்த வேர்தான், திறப்பு அத்தியாயம். சாவிக்கு அரபியில் மிஃப்தாஹ் என்று பெயர்.

குர்ஆனில் அல்ஃபத்ஹ் என்ற 48ஆவது அத்தியாயம் எந்தப் போருக்குப் பின் இறங்கியது? போருக்குப் பின் அல்ல. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அந்த ஆண்டு உம்ரா செய்யாமலே திரும்பிப் போக வேண்டும், பத்தாண்டுக்குச் சண்டை கிடையாது என்று முடிவாயிற்று. தோழர்களில் பலருக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. மனம் உடைந்து திரும்பினார்கள். அந்தத் திரும்பும் வழியில்தான் அந்த அத்தியாயம் இறங்கியது. வாள் உருவப்படாத ஓர் உடன்படிக்கைக்கு ஃபத்ஹ் என்று பெயர் கிடைத்தது. வெற்றி என்று மட்டும் வாசித்தால் இது புரியாது. திறப்பு என்று வாசித்தால் புரிகிறது. மூடியிருந்த வழி திறந்தது. இரண்டு ஆண்டு கழித்து மக்காவுக்குள் நுழைந்தபோது, பழைய பகைவர்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கப்பட்டது.

பத்ரைப் பற்றியும் ஒரு செய்தி. 313 பேர் ஆயிரம் பேரை எதிர்த்து நின்ற வீரத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். போர் முடிந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கைதிகளில் பணம் இல்லாதவர்களும், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். மதீனாப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தால் அதுவே விடுதலைக்கு ஈடு என்று வைக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நேற்று எதிரில் வாளோடு நின்றவர் இன்று நம் பிள்ளைக்கு வாத்தியார். பத்ரின் கதையை 313 என்ற எண்ணோடு நிறுத்தாமல் இதுவரைக்கும் கொண்டுவர வேண்டும்.

நாம் குடியிருக்கும் ஊரிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1867இலிருந்து 1874 வரை நடந்த சண்டையைக் கிள்ளான் போர் என்கிறார்கள். ராஜா மஹ்தி ஒரு பக்கம், ராஜா அப்துல்லாவின் குடும்பம் மறுபக்கம். இன்று கிள்ளானில் ராஜா அப்துல்லாவின் ஈயக் கிடங்கும் நிற்கிறது, ராஜா மஹ்தியின் கோட்டை வாசலும் நிற்கிறது. மஹ்தி என்றால் நேர்வழி காட்டப்பட்டவர். அப்துல்லா என்றால் அல்லாஹ்வின் அடியார். இரண்டு பக்கமும் நல்ல பெயர்கள்தாம். பெயரைப் பார்த்து நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க முடியாத போர்களே உலகில் அதிகம். கதையில் எதிரி முழுக் கெட்டவனாக வருவான். வாழ்க்கையில் அப்படி வருவதில்லை.

ஆகவே போர் வரும் எந்த நூலைப் படித்தாலும், எந்தப் பேச்சைக் கேட்டாலும், மூன்று கேள்விகளைப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். இந்தச் சொல்லின் வேர் என்ன, இந்த இடத்தில் எந்தப் பொருளில் வந்திருக்கிறது? இது நடந்ததா, புனைந்ததா? யார், யாருக்கு, எந்த நேரத்தில் சொன்னது? இந்த மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளையை எந்த வீடியோவும் எளிதில் இழுத்துக்கொண்டு போக முடியாது. "உங்கள் மதம் இப்படித்தானே" என்று வகுப்பில் யாராவது கேட்டாலும், தலை குனியாமலும் சண்டைக்குப் போகாமலும் பதில் சொல்ல அவனுக்குத் தெரிந்திருக்கும்.

பொன்விழா ஆண்டில் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோளை வைக்கிறோம். ஒன்று, வீடு மாறும் குடும்பங்கள் பழைய நூல்களை எறிந்துவிடாமல் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிக்க முடியாத அரபுத் தமிழ் நூலாக இருந்தாலும் சரி, கிழிந்திருந்தாலும் சரி. அவற்றைப் படம் எடுத்துப் பாதுகாக்கும் வேலையை இளைஞர் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. இரண்டு, ரபீஉல் அவ்வல் மாதத்தில் சீறாப்புராணம் வாசிக்கும் வழக்கம் நம் சொந்த ஊர்களில் இருந்தது. அதை இங்கே திரும்பத் தொடங்குவோம். ஓர் இரவு, ஒரு படலம். வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர், பொருள் சொல்ல ஆலிம் ஒருவர், கேள்வி கேட்கப் பிள்ளைகள். முதல் ஆண்டு பதுறுப் படலத்திலேயே தொடங்கலாம். அரபு எழுத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த நன்னிமார்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பயனுள்ள கல்வியைத் தருவானாக. இந்தச் சங்கத்தைத் தொடங்கி வளர்த்து, இன்று நம்மோடு இல்லாத பெரியவர்களின் மண்ணறையை ஒளியாக்கி வைப்பானாக. ஆமீன்.